பதினேழாம் பெட்டியின் கடல்

அரசலங்குடிக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு. வருகிற கடல் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்திருக்கக் கூடாதா என்று பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்களே தவிர, கடற்கரைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்கே, நெல்லும் உளுந்தும் தவிர வேறொன்றும் அறியாத ஊருக்கு அது எதற்காக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழக்கே எண்ணெய்க் கிணறு இருக்கும் பக்கத்திலிருந்து, கணுக்கால் ஆழத்தில், வெதுவெதுப்பாக, கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட சொந்தக்காரரைப் போலக் கொஞ்சம் கூச்சத்தோடு கடைத்தெரு நெடுக ஏறி வந்து, சிங்காரவேலுவின் டீக்கடை முதல் படியைத் தொட்டு, சற்று நின்று, வந்த வழியே திரும்பிப் போனது. போன இடத்தில் ஈரமில்லை, உப்புப் பூக்கவில்லை, மாட்டின் குளம்புகூட நனையவில்லை. கோலமாவை ஊதிவிட்டது போல் மெல்லிய ஒரு வரி மணல் மட்டும் தெருவில் கிடந்தது. அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு முறை வந்தது.

ஊருக்கு எதையும் செரிக்கிற வயிறு உண்டு. சிங்காரவேலு அடுத்த நாளே பெஞ்சுகளைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டார். பித்தவெடிப்புள்ளவர்கள் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வந்து நின்றார்கள். ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட சிப்பிகள் ஒதுங்கின. குருக்கள் அவற்றில் மூன்றைச் சாளக்கிராமம் என்று சொல்லிச் சன்னிதியில் வைத்தார், மறுநாள் ஆளாளுக்குக் கூடை கூடையாகக் கொண்டுவந்து நின்றபோது சாமிக்கும் ஒரு அளவு உண்டு என்று கதவைச் சாத்திக்கொண்டார். வருவாய் ஆய்வாளர் சங்கிலியோடு வந்து அளந்து, 'தற்காலிக நீர்நிலைப் புறம்போக்கு' என்று எழுதிக்கொண்டு போனார். பஞ்சாயத்துத் தலைவர் மதியழகன், கடலில் குப்பை கொட்டக் கூடாது என்று ஒரு பலகை வைத்து, அதில் கடலைவிடத் தன் பெயரைப் பெரிதாக எழுதினார். நிஜக் கடற்கரையிலிருந்து வலைக்காரர்கள் வந்து வலை போட்டார்கள். அகப்பட்ட மீன்களின் செதில் ஓடு போலிருந்ததால் அரிவாள்மனையின் பல் போனது, இது எங்கள் கடல் இல்லை என்று வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, யாரையும் எடுத்துக்கொள்ளாத இந்தத் தண்ணீரில் காலை வைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் சிங்காரவேலு டீக்குக் காசு வாங்குவதில்லை.

ஒரே ஒரு தொல்லை, நேரம். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் பொய்த்தது, கடற்கரை மீனவர் கணக்கும் பொய்த்தது. அது இந்தக் காலத்துக் கடல் இல்லையே, அதன் நாள் நம் நாளைவிட அரை மணி நேரம் குட்டை, அதன் நிலாவும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்த நிலா. இதைக் கண்டு சொன்னவள் பிரபாவதி. ஊர் அவளைக் கல்லு மேடம் என்று சொல்லும்.

பிரபாவதி நாமக்கல் பக்கத்துக்காரி, வயது ஐம்பத்து மூன்று, எண்ணெய்க் கம்பெனியின் புவியியலாளர். கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து தடி தடியாக வெட்டி எடுத்த பாறைகளை மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகை ஒன்று ஊரின் கிழக்குக் கோடியில் இருந்தது; அதற்கு அவள்தான் பொறுப்பு. பாறையை ஈரத்துணியால் துடைப்பாள், லென்ஸ் வைத்துப் பார்ப்பாள், ஒரு துணுக்கைக் கடித்தும் பார்ப்பாள். பல்லில் நெறுநெறுத்தால் வண்டல், வெண்ணெயாக வழுக்கினால் களி. ஏழு கோடி ஆண்டுக்கு முன் இந்த ஊர் கடலோரமாக இருந்ததையும், எந்த இடத்தில் அலை அடித்தது, எந்த இடத்தில் ஆழம் இருந்தது என்பதையும் அவள் அப்படித்தான் படித்தாள். இருபத்தாறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசிய பேச்செல்லாம் அந்தப் பெட்டிகளோடுதான். கடல் வந்த செவ்வாய்க்கிழமை காலையில் அவள் செய்ததும் அதுதான், வெகுநாளாகத் திறக்காத பதினேழாம் பெட்டியைத் திறந்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையை ஊர் அவளிடம் சொல்லிச் சிரித்தது, அவ்வளவுதான். காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

கடல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. டீக்கடை வரை வந்து திரும்புகிற தண்ணீர், கடைத்தெருவின் கிழக்குக் கோடியில், கொட்டகையை ஒட்டியிருந்த பிரபாவதியின் வீட்டில் மட்டும் திரும்புவதேயில்லை. அங்கே அது ஆழம். கூரைக்கு மேலும் தண்ணீர் நின்றது. மூச்சு முட்டவில்லை, புடவை நனையவில்லை, அடுப்பு பச்சையாக எரிந்தாலும் சோறு வெந்தது. ஆனால் வெளியில் கூப்பிடுகிற குரல் உள்ளே கேட்காது, வெயில் கலங்கலாகத்தான் இறங்கும், தரையில் கண்மை போல் நயமான கறுப்புச் சேறு ஓசையில்லாமல் படிந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் கூட்டித் தள்ளினாள். பிறகு விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடல் வருவதற்கு முன்பும் அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் காலையில் வீட்டைவிட்டு வெளியேறி, நீருக்குள்ளேயே தெரு ஏறி நடந்து, தலை வெளிப்பட்டு, இடுப்பு வெளிப்பட்டு, கடைசியில் செருப்பு மணலில் பட டீக்கடைக்கு வந்து, கரும்பலகையில் அன்றைக்குக் கடல் வரும் இரண்டு நேரங்களையும் எழுதுவாளே, அப்போது அவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். மேடம் டீ சாப்பிடுங்க என்றார்கள். மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், கடல் வராத நேரமாகச் சொல்லுங்கள் என்றார்கள். வந்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்கள், அவள் போனாள், அவள் கன்னத்திலும் சந்தனம் பூசினார்கள். இருபத்தாறு வருடத்தில் அவள் கன்னத்தைத் தொட்ட முதல் விரல் அது. வீடு திரும்பி, நீரின் அடியில் உட்கார்ந்து, அந்தச் சந்தனம் காய்ந்து உதிரும் வரை முகம் கழுவாமல் இருந்தாள்.

அதனால்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

கடல் வந்து ஒரு மாதம் ஆனபோது, தெருவில் தினமும் படிகிற மணல் வரிகளைப் பதினேழாம் பெட்டியின் பாறையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பாறையிலும் அதே வரிகள். ஒரு வரவுக்கு ஒரு வரி, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கனத்து, நடுவில் மெலிந்து, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதாவது இருநூற்றாறு நாள். அதன் முடிவில், கத்தியால் கீறியது போல் ஒரு கோடு, உடைந்த சிப்பித் தூள் கொஞ்சம். கோட்டுக்கு மேலே வெறும் கறுப்புச் சேறு. அந்தக் கோட்டின் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும். கடல் ஓங்கி வந்து கரையை அரித்து, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போன இடம் அது. அரித்த தரைக்கு மேல் கரை என்று ஒன்று கிடையாது, ஆழம்தான். சேறு ஏற்கெனவே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி மேற்கே நகரும். முதல் நாளிலிருந்து எண்ணினால் இருநூற்றாறாம் நாள் டீக்கடையையும் கோவிலையும் தெருவின் ஓட்டுவீடுகளையும் வாரிக்கொள்ளும்.

சொன்னால் ஊர் காலி செய்துகொண்டு போய்விடும். கரும்பலகை இருக்காது, டீ இருக்காது, மேடம் என்று கூப்பிட ஆள் இருக்காது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்தாள். இப்படி நாளை நாளை என்று நூற்று இருபது நாள் போயிற்று. படித்தவள், பொறுப்பானவள், ஒரு எறும்பை மிதிக்கக் கூசுகிறவள், ஒரு ஊரே நிற்கிற இடத்தில் இன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தாள். தனிமை மனுஷியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

கடைசியில் அவளைச் சொல்ல வைத்தது அஞ்சுகத்தின் பேத்தி. அஞ்சுகம் வயல்வேலைக்காரி, பிரபாவதியின் வயதுதான் இருக்கும், நடவு இல்லாத நாட்களில் வரப்பில் நண்டு பிடித்து விற்பவள். நண்டு வளையைப் பார்த்தே உள்ளே ஆணா பெண்ணா, இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் பேத்தி இரண்டு வயதுக் குழந்தை, தண்ணீர் வரும்போதெல்லாம் கரையில் குந்தி உட்கார்ந்து, அலை காலைத் தொட்டதும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கும். நூற்றைம்பதாம் நாள் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிரபாவதி கையிலிருந்த டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தாள். அஞ்சுகத்தின் கையைப் பிடித்து, கொஞ்சம் வாங்க, ஒன்று காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பெண்களும் நீருக்குள் இறங்கி நடந்து கொட்டகைக்கு வந்தார்கள். அத்தனை வருடத்தில் அந்தக் கொட்டகைக்குள் வந்த முதல் ஊர்க்காரி அஞ்சுகம்.

பிரபாவதி பெட்டியைத் திறந்து, வரிகளைக் காட்டி, கோட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் ஐம்பத்தாறு நாள்தான் என்பதையும் சொன்னாள். எப்போதிலிருந்து தெரியும் என்று அஞ்சுகம் கேட்டாள். நூற்று இருபது நாளாக என்றாள். அஞ்சுகம் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து பாறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணல் வரிகளுக்குள் விரல் கனத்தில் குறுக்கே ஓடிய ஒரு தடத்தில் நகத்தை வைத்தாள்.

"இது நண்டு வளைதான?"

இருக்கலாம் என்றாள் பிரபாவதி. அந்தக் காலத்திலும் நண்டு மாதிரி ஏதோ இருந்தது, அது பெரிய விஷயமில்லை என்றாள்.

"வாயி இங்க அடில இருக்கு. தோண்டிப் போட்ட உருண்டை மண்ணும் அடிலதான் கெடக்கு. எந்த ஊரு நண்டும்மா கீழேருந்து மேல தோண்டும்?"

பிரபாவதி லென்ஸை எடுத்தாள். தேவைப்படவில்லை. வளையின் வாய் கீழே அகன்றிருந்தது, அதன் இரு பக்கமும் நண்டு உருட்டி எறிந்த மண் மணி மணியாகக் கிடந்தது, பூமியில் எந்த உயிரும் தலைகீழாக நின்று வீடு கட்டுவதில்லை. பெட்டி தலைகீழாக இருந்தது.

கிணற்றிலிருந்து பாறை வெளியே வந்தவுடன் மேல் எது கீழ் எது என்று மறந்துவிடாமலிருக்க அதன் நெடுகிலும் இரண்டு கோடு போடுவார்கள், மேல் நுனி மேலே இருக்க நிறுத்திப் பார்த்தால் சிவப்பு வலப்பக்கம், கறுப்பு இடப்பக்கம். இது எண்ணெய்க் கிணற்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். பதினேழாம் பெட்டிப் பாறைக்குக் கோடு போட்டவள் பிரபாவதிதான், இருபத்தேழு வயதில், ஒரு புரட்டாசி மாதம். அன்றைக்குச் சாப்பாடு ஏற்றி வந்த ஜீப்பில் ஒரு கடிதமும் வந்தது. அவளோடு வேலை பார்த்த ஜெயசீலன், வருகிற தையில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தவன், அசாமுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டதாகவும் தன்னைத் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண் தெரியாமல், அவள் சிவப்பை இடப்பக்கம் போட்டாள். அதன் பிறகு யாரும் அவள் கோட்டைச் சந்தேகிக்கவில்லை. அவளும் சந்தேகிக்கவில்லை. கடல் வந்து மூழ்கடித்தது, இதற்குக் கிழக்கே எண்ணெய் தங்குகிற மணல் இல்லை என்று அறிக்கை எழுதினாள். கம்பெனி கிழக்கே தோண்டாமல் விட்டது. அமாவாசையும் பௌர்ணமியும் மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் ஒன்றுபோலவே வருவதால் வரிகளும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியது தெரியாமலேயே இருபத்தாறு வருடம் நடந்திருக்கிறாள்.

பாறையைத் திருப்பிவைத்தாள். இப்போது சேறு அடியில் இருந்தது, அதன் மேல் கோடு, கோட்டுக்கு மேல் நானூற்றுப் பன்னிரண்டு வரி மணல். கடல் ஏறி வரவில்லை. கடல் பின்வாங்கிப் போகிறது. கரை கிழக்கே நகர்கிறது. வாரிக்கொள்ளப்போவது ஊரையல்ல, ஆழத்தில் படிந்த பழைய சேற்றை. ஊருக்கு ஒன்றும் ஆகாது.

பிரபாவதி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஊர் பிழைத்ததற்கா, ஜெயசீலனுக்கா, இருபத்தாறு வருடத்துக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. அஞ்சுகம் தேற்றவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"எம் பேத்தி தெனமும் அந்தத் தண்ணிலதான நின்னா. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கரும்பலகையில் பிரபாவதி நேரத்தை எழுதவில்லை. தான் மறைத்ததையும், தான் தப்பாகப் படித்ததையும், கடல் ஒரு நாளைக்கு ஒரு வீடாகக் கிழக்கே போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் எழுதி, கையெழுத்தும் போட்டாள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. சிங்காரவேலு டீ கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார், அவள் கேட்கவில்லை. மதியழகன் பேச வாயெடுத்து, இருமிவிட்டுப் போனார். அதன் பிறகு அவள் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நீருக்கு அடியில் அரிசி பருப்பு இருந்தவரை வீட்டிலேயே இருந்தாள். வடித்த சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிட மறந்தாள். சேறு பாதத்தை மூடியது, கணுக்காலை மூடியது. ஊர் இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே கடல் சொன்னபடி பின்வாங்கியது. ஒரு நாள் டீக்கடைப் படியைத் தொடவில்லை, பக்கத்துத் தையல் கடையோடு நின்றது. சிங்காரவேலு சும்மா விடுவாரா, பெஞ்சைத் தூக்கித் தையல் கடை வாசலில் போட்டார். அதற்கடுத்த நாள் கரை ரேஷன் கடைக்குப் போனது, பெஞ்சும் போனது, கூடவே பாய்லரும் போனது. காலில் அலை படாமல் டீ குடித்தால் இறங்கவில்லை என்று ஊருக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. பித்தவெடிப்புக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறவர்கள், மதியழகனின் பலகை, அஞ்சுகத்தின் நண்டுச் சட்டி, குந்தியிருந்து சிரிக்கிற பேத்தி, எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகக் கிழக்கே நகர்ந்தன. எங்கே போகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் போன பக்கம் போனார்கள்.

பிரபாவதிக்கு முதலில் வெளிச்சம் வந்தது. ஜன்னலில் பச்சை வெளுத்தது, பிறகு மஞ்சள் கலந்தது. அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு சத்தம், கிளாஸில் கரண்டி தட்டும் சத்தம், எங்கிருந்தோ. காது பொய் சொல்கிறது என்று நினைத்தாள். அடுத்த நாளும் கேட்டது, இன்னும் கிட்டத்தில். அவள் எழுந்து நின்று கேட்டாள்.

அது வந்தது ஒரு வியாழக்கிழமை பகல், சோறு கொதிக்கிற நேரம். அலை என்றால் தெருவில் வருகிற சாது அலை இல்லை. வீட்டுக்குள்ளேயே எழுந்து, சுவருக்குச் சுவர் முட்டி, தரையைச் சுரண்டியது. அவள் கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள். இத்தனை மாதமாகப் படிந்திருந்த கறுப்புச் சேறு கலங்கி எழுந்தது, அதோடு அவளுக்கே மறந்துபோன பழைய செருப்பு, காலண்டர் தாள்கள், தகர டப்பா, டப்பாவுக்குள் வைத்திருந்த கடிதம் எல்லாம் எழுந்து, சுழன்று, பின்கதவு வழியாகக் கிழக்கே போயின. டப்பாவைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிறகு கையை மடக்கிக்கொண்டாள். அடுத்த மூச்சில் தண்ணீர் கூரையை விட்டு இறங்கி, தோளை விட்டு இறங்கி, கணுக்காலுக்கு வந்து நின்றது. பெயர்ந்த தரையில் கீறியது போல் ஒரு கோடு. சிப்பித் தூள் கொஞ்சம். அதன் மேல் கோலமாவை ஊதியது போல் முதல் வரி மணல்.

வாசலில் கூட்டம் இருந்தது. பெஞ்சுகள் அவள் வீட்டைப் பார்த்துக் கிடந்தன, பாய்லர் படிக்கட்டின் பக்கத்தில் புகைந்தது, கடலின் ஓரம் அவள் நிலைப்படியில் வந்து வந்து தொட்டுப் போனது. யாரும் அவளைத் தேடி வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தண்ணீரைத் தேடித்தான் வந்திருந்தார்கள், அது அவளுக்கும் தெரிந்தது. அஞ்சுகம் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேத்தி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, புது மணலில் குந்தி, அலை பட்டதும் சிரித்தது.

அஞ்சுகம் திரும்பாமலேயே கேட்டாள்.

"இங்கயும் ஒரு நாளுதானா? இல்ல நிக்குமா?"

பிரபாவதி நிலைப்படிக்கு வந்தாள். யாரோடும் பேசி எத்தனை நாளாயிற்று. பதினேழாம் பெட்டியின் பாறை, தன் வீட்டை ஒட்டிய கிணற்றிலிருந்து, தன் தரைக்கு அடியிலிருந்து எடுத்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு வரியும் தெருவுக்கு எழுதியதில்லை, இந்த வீட்டுக்கு எழுதியது.

"நிக்கும்," என்றாள். "இருநூத்தியாறு நாள் நிக்கும்."

அஞ்சுகம் நண்டுச் சட்டியை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, படியில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.

"அவ்ளோ நாளுன்னா மழை வந்துரும்," என்றாள். "சிங்காரவேலு, பாய்லரத் தூக்கி உள்ள வைங்க."